எழுபத்தைந்து மதிப்பெண்

காட்பாடியிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை சித்தூர், பாகாலா, சந்திரகிரி வழியாகத் திருப்பதியை அடைகிறது. அவ்வழியே செல்லும் தொடர்வண்டியில் தமிழும் தெலுங்கும் ஒரே இருக்கையில் அமர்ந்து பயணம் செய்யும். மாங்காய் விலையைப் பற்றிய பேச்சு ஒரு மொழியில் தொடங்கி மற்றொரு மொழியில் முடியும். திருமலைக்குச் செல்லும் அடியவர் கூட்டத்தின் நடுவே, தடித்த நூல் ஒன்றை மடியில் விரித்து வைத்திருக்கும் இளைஞர்களையும் காணலாம். குடிமைப்பணித் தேர்வின் முதல்நிலைத் தேர்வு நடைபெறும் நகரங்களுள் திருப்பதியும் ஒன்று.

இப்பகுதியில் இரு மொழிகள் கலந்து வழங்குவதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டு அமைக்கப்பட்டபோது சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்தது. 1953ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் தோன்றியபோது அதனுடன் சேர்ந்தது. 1960ஆம் ஆண்டில் எல்லை மீண்டும் திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடு நகர்ந்தபோதும் மக்கள் தம் வீடுகளிலேயே இருந்தனர். வணிகத்திற்காகவும் வேலைக்காகவும் பின்னர் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் அவர்களோடு சேர்ந்தன. அக்குடும்பங்களின் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் எழுதுகின்றனர். “தமிழ் பேச வரும், எழுத வராது” என்று அவர்கள் இயல்பாகக் கூறிவிடுவர். இச்சிறு குறை ஒருநாள் பெரிய தடையாகி எதிரே நிற்கக்கூடும்.

ஆட்சிப் பணிக்கான போட்டித் தேர்வு முதன்முதலில் 1855ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்றது. இந்தியாவை ஆளும் அலுவலரைத் தேர்ந்தெடுக்கும் அத்தேர்வை எழுத விரும்பிய இந்தியர், கடல் கடந்து செல்ல வேண்டியிருந்தது. பெருஞ்செலவையும் நெடும்பயணத்தையும் தாங்கி, 1863ஆம் ஆண்டு சத்தியேந்திரநாத் தாகூர் அதில் வெற்றி பெற்ற முதல் இந்தியரானார். 1922ஆம் ஆண்டிலேதான் அத்தேர்வு இந்திய மண்ணிலும் நடத்தப்படலாயிற்று. விடுதலைக்குப் பின்னரும் நெடுங்காலம் ஆங்கிலமே அதில் ஓங்கி நின்றது. கோத்தாரிக் குழுவின் பரிந்துரையை ஏற்று, 1979ஆம் ஆண்டு முதல், முதன்மைத் தேர்வின் விடைகளை அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள மொழிகளில் எழுதும் வாய்ப்புக் கிடைத்தது. இன்று அவ்வட்டவணையில் 22 மொழிகள் உள்ளன. தமிழும் தெலுங்கும் அவற்றுள் அடங்கும்.

மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் இத்தேர்வு மூன்று படிகளைக் கொண்டது. முதற்படி முதல்நிலைத் தேர்வு. ஒரே நாளில் இரு தாள்கள் எழுத வேண்டும். பொது அறிவுத் தாளில் 100 வினாக்கள் இருக்கும். பிழையான விடை ஒவ்வொன்றிற்கும் அவ்வினாவுக்குரிய மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்படும். எனவே, தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிடும் அடக்கமும் இங்கு ஒரு திறமையே. இரண்டாம் படி முதன்மைத் தேர்வு. இதில் 9 தாள்கள் உள்ளன. மூன்றாம் படி தில்லியில் நடைபெறும் நேர்முகத் தேர்வு. தரவரிசைக்குரிய மொத்த மதிப்பெண் 2025 ஆகும்.

முதன்மைத் தேர்வின் 9 தாள்களுள் இரண்டின் மதிப்பெண்கள் தரவரிசையில் சேர்வதில்லை. ஒன்று ஆங்கிலம், மற்றொன்று தேர்வர் விரும்பும் இந்திய மொழி. ஒவ்வொன்றும் 300 மதிப்பெண் உடையது. அவற்றில் 25 விழுக்காடு, அதாவது 75 மதிப்பெண் பெற்றால் போதும். இதனை எளிதெனக் கருதிப் பலர் புறக்கணிப்பர். ஆயினும் அந்த 75 மதிப்பெண்ணைப் பெறாதவருடைய மற்றத் தாள்களின் மதிப்பெண்கள் கணக்கில் கொள்ளப்பட மாட்டா. வரலாற்றையும் பொருளியலையும் ஆண்டுக்கணக்கில் கற்றவரின் உழைப்பு, தாய்மொழியில் ஒரு கட்டுரை எழுத இயலாமையால் வீணாகும்.

அம்மொழித்தாள் கேட்பவை யாவை? ஒரு கட்டுரை, ஒரு பத்தியைப் படித்து விடையளித்தல், நீண்ட பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்குதல், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்திற்கும் மொழிபெயர்த்தல், சொல்லாட்சியும் இலக்கணமும். இவை யாவும் பள்ளியின் தமிழ் வகுப்பில் கற்பிக்கப்படுபவையே. ஒற்று மிகும் இடமும், லகர ளகர ழகர வேறுபாடும் கற்கும் சிறுவனுக்கு அப்போது அவற்றின் பயன் புலப்படாமல் இருக்கலாம். ஆனால், பேச்சால் மட்டும் வாழும் மொழி எழுத்தில் கை கொடுக்காது என்பதை இருபத்தைந்தாம் வயதில் உணர்பவர், விட்ட இடத்திலிருந்து அரிச்சுவடியைத் தொடங்க நேரிடும். நாள்தோறும் தமிழ் நாளிதழின் தலையங்கம் ஒன்றைப் படித்து, அதனைச் சில வரிகளில் எழுதிப் பார்ப்பது எளிய பயிற்சி. மொழியில் மேலும் ஆர்வமுடையோர் தமிழ் இலக்கியத்தையே விருப்பப் பாடமாகக் கொள்ளலாம். அதற்கு இரு தாள்கள், 500 மதிப்பெண்கள். அவை தரவரிசையிலும் சேரும்.

தெலுங்கைக் கற்பதும் இழப்பன்று. ஆந்திர மாநிலப் பணியாளர் தேர்வாணையத்தின் முதல் தொகுதி முதன்மைத் தேர்வில் தெலுங்குத் தாள் உண்டு. சித்தூரில் வாழும் தமிழ்ப் பிள்ளைக்கு இவ்விரு கதவுகளும் திறந்திருக்கின்றன. ஒரு மொழியைக் கற்பதற்காக மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை.

ஆட்சிப் பணிக்கு மொழி ஏன் வேண்டும்? இந்திய ஆட்சிப் பணிக்குத் தேர்வானோர் முசோரியிலுள்ள பயிற்சி நிறுவனத்தில், தாம் பணியாற்றப்போகும் மாநிலத்தின் மொழியைக் கற்கின்றனர். மனுவோடு வரும் முதியவள் தன் துன்பத்தைத் தான் அறிந்த மொழியிலேதான் கூறுவாள். அதனை நேராகக் கேட்டு உணரும் அலுவலர், இடையில் ஒருவரின் உதவியின்றி அவளுக்கு நீதி வழங்க இயலும்.

1951ஆம் ஆண்டு இந்திய ஆட்சிப் பணிக்குத் தேர்வான அன்னா ராஜம், அப்பணியில் சேர்ந்த முதல் பெண்மணி ஆவார். கேரளத்தில் பிறந்தவர். நேர்முகத் தேர்வில், பெண்ணுக்கு வெளிநாட்டுப் பணியே பொருந்தும் என்று அவருக்கு எடுத்துரைக்கப்பட்டது. அவர் தம் முடிவினின்று மாறாமல் சென்னை மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தார். ஓசூரில் சார் ஆட்சியராகப் பணியாற்றினார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் வழங்கும் அவ்வூரில் மக்களின் குறை கேட்பது நூலறிவால் மட்டும் ஆகும் செயலன்று. ஒரு பெண்ணால் அப்பணியைத் திறம்படச் செய்ய இயலும் என்பதை அவர் செயலால் காட்டினார்.

இத்தேர்வைப் பற்றிய மற்றோர் உண்மையையும் மறைத்தல் கூடாது. ஆண்டுதோறும் பல இலட்சம் பேர் விண்ணப்பிக்கின்றனர். ஏறத்தாழ ஆயிரம் பேரே தேர்வாகின்றனர். திறமையும் உழைப்பும் உடையோர் பலரும் பட்டியலில் இடம் பெறாமல் போகின்றனர். அது இழிவன்று. பட்டம் ஒன்றையும் மாற்று வழி ஒன்றையும் கையில் வைத்துக்கொண்டு முயல்பவர், தோல்வியிலும் தளர்வதில்லை. நாட்டின் அரசமைப்பை அறிந்தவர் நல்ல ஆசிரியராகலாம், வழக்குரைஞராகலாம், வங்கியிலோ இரயில்வேயிலோ பணிபுரியலாம். அவர் கற்ற எதுவும் பழுதாவதில்லை.

தேர்வாணையம் எதிர்பார்ப்பது 75 மதிப்பெண்ணை மட்டுமே. பாட்டி அனுப்பிய மடலைப் பிறர் துணையின்றிப் படித்து, அதற்கு மறுமொழி எழுதும் பிள்ளை அதற்கான பயிற்சியை இப்போதே தொடங்கிவிட்டது.

சிந்தித்து விடை எழுதுக

1. தமிழ் பேசத் தெரிந்தவர்க்கும் தமிழ் எழுதும் பயிற்சி தேவைப்படுவது ஏன்?
2. சித்தூர் மாவட்டத்தில் இரு மொழிகள் வழங்குவதற்குரிய காரணங்களைத் தொகுத்து எழுதுக.
3. ‘அது இழிவன்று’ – எது? ஏன்?
4. இப்பாடத்தின் மூன்றாம் பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுதுக.