பிசினில் வார்த்த இருக்கை

மாளிகை கட்டிய கொத்தனாரின் பெயரை ஊர் அறியும். மோதிரத்தில் கல் பதித்தவன் பெயரைக் கேட்பார் இல்லை. எனினும் சிறிய பொருளைச் செப்பமாகச் செய்வதற்கு வேண்டிய பொறுமை, பெரிய பொருளுக்கு வேண்டியதினும் குறைந்ததன்று. இதனை என் தங்கை மகனின் கைவேலையைப் பார்த்திருந்து எழுதுகின்றேன்.

ஆரணி என்றதும் பட்டுச் சேலையை நினைப்போர் பலர். அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. எங்கள் ஊரோ திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரிக்கு மேற்கே, ஆரணியாற்றை ஒட்டி இருப்பது. இங்கிருந்து கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பேருந்தில் சென்று, பிளாஸ்டிக் பொருள்களுக்கு எஃகு அச்சு செதுக்கும் பட்டறையொன்றில் முப்பது ஆண்டுகள் உழைத்தவன் நான். என் மருமகன் பாலிடெக்னிக்கில் அதே தொழிலைப் படிக்கின்றான். ஓய்வு நேரங்களில் அவன் செய்வது மாதிரி விமானம்.

அவன் வாங்கியது மிக்-21 போர் விமானத்தின் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவிலான பிளாஸ்டிக் தொகுப்பு. செக் நாட்டில் 1989-ல் தொடங்கப்பட்ட எடுவார்டு நிறுவனம் 2011 முதல் வெளியிட்டு வருவது. அதனுடன் தனியே ஒரு சிறு பெட்டியும் வந்தது. உள்ளே விமானியின் அறை, இருக்கை, பின்புறப் புகைக்குழாய் ஆகியன மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தன. அவை ரெசின் எனும் செயற்கைப் பிசினில் வார்த்தவை. "தொகுப்பிலேயே ஓர் இருக்கை இருக்கிறதே, இன்னொன்றுக்கு ஏன் காசு கொடுத்தாய்?" என்று தங்கை கேட்டாள். அவள் கேள்வியில் நியாயம் உண்டு. விடை என் தொழிலில் இருந்தது.

எஃகு அச்சு இரு பாதிகளாகத் திறந்து மூடுவது. உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தத்துடன் உட்செலுத்தி, ஆறியபின் பாதிகளை நேர்க்கோட்டில் விலக்குவோம். உட்புறமாக வளைந்த பள்ளம் ஏதேனும் இருந்தால் பொருள் அச்சில் மாட்டிக்கொள்ளும். பட்டறையில் இதனை அண்டர்கட் என்போம். ஆகவே இருக்கையின் வார்ப்பட்டை, மெத்தையின் மடிப்பு போன்றவை வெறும் மேடுகளாகச் சுருங்கிவிடுகின்றன. ரெசினுக்கு அச்சு சிலிக்கோன் ரப்பரால் ஆனது. அதனை வளைத்து உரித்து எடுக்கலாம். பட்டையின் அடியிலுள்ள நிழல்கூட வார்ப்பில் தங்கும். இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் சில நிமிடங்களில் இறுகிவிடும். காற்றுக் குமிழி தங்காதிருக்க வெற்றிடத்திலோ அழுத்தக் கலத்திலோ வைப்பார்கள். எஃகு அச்சு இலட்சக்கணக்கில் பொருள் தரும். ரப்பர் அச்சோ சில பத்து வார்ப்புகளிலேயே கிழியத் தொடங்கும். விலை ஏறுவது இதனால்தான்.

பொருத்துவதில் வேறொரு கணக்கு உண்டு. பிளாஸ்டிக் சுவர் ஒரு மில்லிமீட்டர் என்று கொள்வோம். நாற்பத்தெட்டால் பெருக்கினால், உண்மை விமானத்தின் தகடு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் கனமென்று பொருள்படும். அத்தனை கனமான விமானம் எங்கும் பறந்ததில்லை. ஆகவே சுவரை உட்புறமிருந்து ஒளி ஊடுருவும் வரை தேய்த்து மெலிவிக்க வேண்டும். அதன் பிறகே ரெசின் அறை உள்ளே அமரும். ஒட்டுமுன் பத்து முறையேனும் வெறுமனே வைத்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக்கைக் கரைத்து இணைக்கும் பசை ரெசினில் பற்றாது. உடனடிப் பசையே உதவும். புகைக்குழாயையும் ரெசினில் மாற்றியதால் வால் கனத்தது. மூக்கு தூக்கி நிற்காதிருக்க, பழவேற்காட்டு மீனவர் வலையில் கட்டும் ஈயக்குண்டுகளை முன்புறத்தினுள் வைத்தான்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வார்ப்புக் கட்டையிலிருந்து பாகத்தை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் எழும் தூசி நுரையீரலில் தங்கும் தன்மையது. நான் இளமையில் வேலை பார்த்த ஒரு பட்டறையில் முகக்கவசம் என்ற பேச்சே இருந்ததில்லை. அந்த நாள்களின் தூசி இன்றும் மார்கழிக் குளிரில் என் மார்பில் இரைகின்றது. "தண்ணீரில் நனைத்துத் தேய், கவசம் அணிந்து அறு, இல்லையேல் ரம்பத்தைத் தொடாதே" என்றேன். "சரி மாமா" என்று அவனும் ஏற்றான். கிண்ணத்து நீர் பால்போல் வெளுத்ததைக் காட்டி, "இது உன் மூச்சில் போயிருக்க வேண்டியது" என்றேன்.

போர்க்கருவியை இத்தனை அழகாகச் செய்வது தகுமா என்று வாசகர் வினவலாம். நானும் அவ்வினாவை எண்ணிப் பார்த்தேன். மிக்-21 நம் விமானப்படையில் 1963-ல் சேர்ந்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. இடைப்பட்ட அறுபத்திரண்டு ஆண்டுகளில் அது போரிலும் பறந்தது. பயிற்சியிலும் பலரைக் காவு கொண்டது. வாங்கப்பட்ட 872 மிக் ரக விமானங்களில் பாதிக்கு மேல் விபத்துகளில் அழிந்தன என்றும், 171 விமானிகள் உயிரிழந்தனர் என்றும் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் அந்தோணி 2012-ல் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். அவர்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள்.

தொகுப்பிலிருந்த பிளாஸ்டிக் இருக்கையைப் பார்த்தபோது எனக்கு இது தோன்றவில்லை. அது இயந்திரத்தின் ஓர் உறுப்பாகவே தெரிந்தது. ரெசின் இருக்கையில் தோள்பட்டை வார் இருந்தது. மெத்தையில் அமர்ந்தெழுந்த மடிப்பு இருந்தது. ஆபத்தில் இருக்கையோடு வெளியேற இழுக்கும் கைப்பிடியும் இருந்தது. மூன்று சென்டிமீட்டர்கூட இல்லாத அப்பொருளைப் பூதக்கண்ணாடியில் கண்டதும், இங்கே ஒரு மனிதன் அமர்ந்தான் என்ற நினைவே முதலில் வந்தது. நுட்பம் கூடக்கூடக் கருவி மறைந்து ஆள் தெரிகின்றான். தூரத்திலிருந்து பார்ப்பவர்க்கே போர் ஒரு விளையாட்டு.

மூன்று மாத உழைப்புக்குப் பின், ஒரு நாள் மஃரிப் தொழுதுவிட்டு வந்தபோது விமானம் மேசைமேல் முடிந்து நின்றது. கண்ணாடி மூடியைத் திறந்த நிலையிலேயே ஒட்டியிருந்தான். வார்கள் இருபுறமும் அவிழ்ந்து தொங்கின. தங்கை குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

"எல்லாம் வைத்தாய். ஓட்டுகிறவரைக் காணோமே?" என்றாள்.

"அவர் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார், அம்மா" என்றான் அவன்.