பலா மரமும் அப்பாவின் கடப்பாரையும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, சிரம்பானுக்கு அருகே தாமானில் இருக்கும் எங்கள் வீட்டுப் பின்புறப் பலா மரத்தை வெட்ட வேண்டியதாயிற்று. வேர் கால்வாய்ச் சுவரைப் பிளந்துவிட்டது. மழைக்குப் பிறகு மரம் பக்கத்து வீட்டுக் கூரைப் பக்கம் சாயத் தொடங்கியது. தோட்டத்தை விட்டு வெளியேறிய ஆண்டில் அப்பா நட்ட மரம் அது.

கூலிக்கு வந்த இருவர் காலையிலேயே சாய்த்துவிட்டார்கள். "அள்ளுறது தனிக் கணக்கு" என்று அவர்கள் சொன்ன தொகை எனக்கு அதிகமாகப் பட்டது. கட்டைதானே, நானும் மச்சானும் இழுத்துப் போட்டுவிடலாம் என்று அவர்களை அனுப்பிவிட்டேன். கோலாலம்பூரில் கணினி முன் உட்கார்ந்திருப்பவனுக்கு அப்படித்தான் தோன்றும். பின்கட்டிலேயே எரித்துவிடவும் முடியாது. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி திறந்தவெளியில் எரிப்பது குற்றம். மாலையில் வரும் லோரிக்குள் எல்லாவற்றையும் ஏற்றியாக வேண்டும்.

இரவல் வாங்கிய செயின்சாவை அடிமரத்தில் வைத்தேன். பாதி ஆழம் போவதற்குள் மரம் அதைக் கவ்விக்கொண்டது. நானும் மச்சானும் இழுத்துப் பார்த்தோம். அசையவில்லை.

பின்வாசல் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். இருதய மருந்து சாப்பிடுகிறவர். "ஒரு குச்சியக்கூடத் தூக்கக் கூடாது" என்பது அம்மாவின் உத்தரவு. அவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

"தம்பி, ரெண்டு பக்கமும் முட்டுக் கொடுத்துப் படுத்திருக்கு. நடுவுல அறுத்தா மேல் பக்கம் நெருக்கும். மேல கொஞ்சம் அறுத்துட்டு, மிச்சத்தைக் கீழே இருந்து மேல அறுக்கணும். ஒரு முனை அந்தரத்துல நின்னா இதுக்குத் தலைகீழ்."

அறுத்த வாயில் ஆப்பு அடித்து ரம்பத்தை விடுவித்தோம். அவர் சொன்னபடி செய்ததும் வெண்ணெய் மாதிரி இறங்கியது. வெட்டிய இடமெல்லாம் பால் பிசுபிசுத்தது. "பால் மரத்தை விட்டு வந்தேன், இதுவும் பால்தான்" என்று சிரித்தார். தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து எங்கள் கைகளில் தடவச் சொன்னார்.

அடுத்தது சுமை. 40 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கட்டையை ஒரு மீட்டர் நீளத்துக்கு வெட்டினால், அது ஏறக்குறைய 125 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் தொட்டி அளவுக்கு வருகிறது. பச்சை மரத்தின் எடை தண்ணீருக்கு அவ்வளவாகக் குறைவதில்லை. அதாவது ஒரு கட்டை நூறு கிலோவை ஒட்டி இருக்கும். இந்தக் கணக்கு எனக்கு இப்போது தெரியும். அன்று இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கப் பார்த்தேன். இடுப்பில் சுளுக்கென்றது. கட்டை கை நழுவிச் சரிவில் உருண்டு, மச்சானின் காலுக்கு ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது.

அப்பா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "கட்டைக்குக் கீழ நிக்காதேன்னு யாரும் சொல்லலையா?"

பிறகு செருப்பைக் கழற்றி இடது காலைக் காட்டினார். சுண்டு விரல் இருந்த இடத்தில் தழும்பு மட்டும் இருக்கும். சின்ன வயதில் கேட்டால் "எலி கடிச்சிருச்சு" என்பார். அன்றுதான் சொன்னார்: எழுபதுகளில், ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில், மறுநடவு வேலையில், மழை பெய்த சரிவில் உருண்டு வந்த ரப்பர் கட்டை.

ரப்பர் மரம் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் பால் வற்றிப்போகும். அதை வெட்டிச் சாய்த்துவிட்டுப் புதிதாக நடுவார்கள். வெட்டிய கட்டை விறகுக்கும், ரப்பர் தகடு காயவைக்கும் புகைக்கூண்டுக்கும் போகும். இருவர் இழுக்கும் ரம்பம், கடப்பாரை, கயிறு. அவ்வளவுதான் அவர்களிடம் இருந்த கருவி. எண்பதுகளில்தான் அதே மரம் மருந்தூட்டிப் பதப்படுத்தப்பட்டு மேசை, நாற்காலியாக வெளிநாடுகளுக்குப் பெருமளவில் போகத் தொடங்கியது. என் வாடகை வீட்டுச் சாப்பாட்டு மேசைகூட ரப்பர் மரம்தான். "நாங்க அடுப்புக்கு அறுத்ததை நீ காசு கொடுத்து வாங்கியிருக்கே" என்றார் அப்பா.

அதன் பிறகு எங்களுக்கு அவர்தான் மண்டோர். எதையும் தூக்கவில்லை, சொன்னார். மூன்று உருண்டைக் கொம்புகளைத் தரையில் போட்டு, கட்டையைக் கடப்பாரையால் நெம்பி அவற்றின் மேல் ஏற்றினோம். தள்ளத் தள்ள, பின்னால் விடுபட்ட கொம்பை எடுத்து முன்னால் வைத்தோம். லோரி வந்ததும் இரண்டு பலகைகளைச் சாய்த்து வைத்தோம். இரண்டு கயிறுகளின் முனைகளை லோரியில் கட்டி, கட்டைக்கு அடியில் விட்டு, மறுமுனைகளை மேலே நின்று இழுத்தோம். கட்டை தானாக உருண்டு ஏறியது. இப்படி இழுத்தால் பாதிப் பலம் போதும். பள்ளியில் கப்பியைப் பற்றிப் படித்துத் தேர்வில் எழுதியிருக்கிறேன். அப்பா ஆறாம் வகுப்பைத் தாண்டவில்லை.

இடைநிலைப் பள்ளியில் சேர்ந்தபோது ஒரு பாரம் நிரப்பினேன். தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'சொந்தத் தொழில்' என்று எழுதினேன். தோட்டத் தொழிலாளி என்று எழுத வெட்கம். அதில் கையெழுத்துப் போட்டவர் அப்பா. படித்துப் பார்த்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நானும் கேட்டதில்லை.

மாலை ஆறு மணிக்குக் கடைசிக் கட்டை ஏறியது. லோரி ஓட்டுநர் தமிழர். கயிறு கட்டிய விதத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா என்ன வேலை பார்த்தாரு?" என்று என்னிடம் கேட்டார்.

"தோட்டத்துல மறுநடவு வேலை. மரம் அறுத்து ஏத்துறது" என்றேன்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த அடிக்கட்டை ஒண்ணை இறக்கிரு தம்பி. வைரம் பாஞ்ச மரம், உட்கார நல்லா இருக்கும்" என்றார்.

இறக்கினோம். இந்த முறை யாரும் அதற்குக் கீழே நிற்கவில்லை. மஞ்சள் வைரம் பாய்ந்த அந்தக் கட்டை இப்போது பின்வாசலில் கிடக்கிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அதில் உட்கார்ந்து, அந்தத் தோட்டத்தைப் பற்றி அவரிடம் ஏதாவது ஒன்று கேட்கிறேன்.