கேள்விகளைப் பாடியவர்



யூசுஃப் இஸ்லாமின் பாடல்களுள் என் மனத்துக்கு நெருக்கமானவை எவை என்று கேட்டால், அவற்றுள் பெரும்பாலானவை அவர் கலிமா மொழிவதற்கு முன்பு எழுதியவை என்றே சொல்வேன். மதரஸாவில் பாடம் நடத்தும் ஒருவர் இவ்வாறு கூறுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். காரணத்தை விளக்கவே இக்கட்டுரை.

அவர் 1948இல் லண்டனில் பிறந்தவர். தந்தை சைப்ரஸ் தீவின் கிரேக்கர். தாய் சுவீடன் நாட்டவர். கேட் ஸ்டீவன்ஸ் என்னும் பெயரில் பதினெட்டு வயதிலேயே பெரும் புகழ் அவரை வந்தடைந்தது. அதன்பின் இருபது வயதளவில் காசநோய் அவரைப் படுக்கையில் கிடத்தியது. மரணத்தை அருகிலிருந்து பார்த்த அந்த மாதங்களில் அவர் வாசித்தார், சிந்தித்தார், எழுதினார். நோயிலிருந்து எழுந்து வந்தபோது, ஒரு கிதாரின் மெல்லிசையோடு வாழ்க்கையின் பொருளைத் தேடும் நாட்டுப்புறப் பாணிப் பாடகராக மாறியிருந்தார். 1970இல் வெளியான ‘டீ ஃபார் த டில்லர்மன்’ என்ற தொகுப்பு அந்தத் தேடலின் விளைச்சல்.

அத்தொகுப்பில் ‘ஆன் த ரோட் டு ஃபைண்ட் அவுட்’ என்றொரு பாடல் உண்டு. வீட்டை விட்டு விடைதேடிப் புறப்படும் ஒருவனின் பயணம் அது. பாடலின் முடிவில், ஒரு நல்ல நூலைக் கையிலெடுக்குமாறு அவனுக்கு அறிவுரை கிடைக்கிறது. எந்த நூல் என்பதைப் பாடியவரே அன்று அறிந்திருக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் மாலிபு கடற்கரையில் நீந்தச் சென்றவரை அலைகள் உள்ளே இழுத்தன. காப்பாற்றினால் உனக்காகவே உழைப்பேன் என்று இறைவனிடம் அவர் வாக்களித்தார். ஓர் அலை அவரைக் கரைநோக்கித் தள்ளியது. கடலில் தத்தளிக்கும்போது அல்லாஹ்வை மட்டும் அழைத்துவிட்டு, கரையேறியதும் மறந்துவிடும் மனிதர்களைப் பற்றித் திருக்குர்ஆன் எச்சரிக்கிறது. இவர் மறக்கவில்லை. ஜெருசலேம் சென்று வந்த அவருடைய அண்ணன் குர்ஆன் மொழிபெயர்ப்பு ஒன்றைப் பரிசளித்தார். சூரா யூசுஃப் அவர் நெஞ்சை அள்ளியது. 1977 டிசம்பரில் இஸ்லாத்தை ஏற்று, பின்னர் அந்த நபியின் பெயரையே தம் பெயராக்கிக்கொண்டார்.

1971இல் வந்த ‘மூன்ஷேடோ’ எனக்குப் பிடித்த இன்னொரு பாடல். கைகளை இழந்தால், கண்களை இழந்தால், கால்களை இழந்தால் என்று ஒவ்வோர் இழப்பாக எண்ணிப் பார்த்து, அவை ஒவ்வொன்றிலும் ஓர் ஆறுதலைக் கண்டுபிடிக்கிறது அது. குழந்தைப் பாட்டைப் போல ஒலிக்கும். ஆனால் ஸப்ரையும் ஷுக்ரையும் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம், அய்யூப் நபி (அலை) அவர்களின் வரலாற்றோடு எனக்கு அதுவும் நினைவுக்கு வரும்.

எனினும், நம் குடும்பங்கள் அனைத்தும் அறிய வேண்டிய பாடல் ‘ஃபாதர் அண்ட் சன்’ என்பேன். தந்தையின் சொற்களைத் தாழ்ந்த குரலிலும் மகனின் சொற்களை உயர்ந்த குரலிலும் ஒருவரே பாடுகிறார். அவசரப்படாதே என்பது தந்தையின் பரிவு. தன் பேச்சு செவிமடுக்கப்படவில்லை என்பது மகனின் வேதனை. இருவரில் எவரும் கெட்டவர் இல்லை. 2020இல் வெளியான இப்பாடலின் மறுபதிவில் அவர், மகனின் பகுதிக்கு 1970இல் பதிவான தம் 22 வயதுக் குரலையே வைத்துக்கொண்டு, தந்தையின் பகுதியை 72 வயதுக் குரலில் பாடினார்.

இப்பாடலை நான் நினைத்துக்கொண்ட ஒரு மாலை உண்டு. ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவரை அவருடைய தந்தை என்னிடம் அழைத்து வந்தார். “இவன் கேட்பதைக் கேளுங்கள் ஹஜ்ரத், எனக்கு அச்சமாக இருக்கிறது” என்றார். மகன் தலைகுனிந்தபடியே சொன்னார்: “நான் வேறு வீட்டில் பிறந்திருந்தால் வேறு மார்க்கத்தில்தானே இருந்திருப்பேன்? அப்படியானால் என் ஈமான் என்னுடையதா, அத்தாவுடையதா?”

அந்தத் தந்தையிடம் நான் இப்ராஹீம் நபி (அலை) அவர்களை நினைவூட்டினேன். மரித்தோரை எவ்வாறு உயிர்ப்பிக்கிறாய் எனக் காட்டுமாறு அவர்கள் தம் இறைவனிடம் வேண்டினார்கள். நம்பிக்கை இல்லாமல் அல்ல, உள்ளம் அமைதி பெறுவதற்காக. அல்லாஹ் அக்கேள்விக்காக அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை, விடையளித்தான். மகனிடம், சூரா யூசுஃபைப் பொருளோடு வாசித்து வாரம் ஒரு கேள்வியுடன் வருமாறு சொன்னேன். இன்றும் வருகிறார். சில கேள்விகளுக்குக் கிதாபுகளைப் புரட்டிய பின்னரே என்னால் விடை சொல்ல முடிகிறது.

நம் பிள்ளைகள் கேள்வி எழும் முன்பே விடைகளை மனப்பாடம் செய்துவிடுகின்றனர். அது பெரும் அருட்கொடை. ஆனால் கேள்வி எழும் பருவத்தில் வீட்டில் அதற்கு இடமில்லையென்றால், அவர்கள் அதை வெளியே எடுத்துச் செல்வார்கள். தாகம் எப்படியிருக்கும் என்பதை அறியவே நான் அந்தப் பழைய பாடல்களை நாடுகிறேன்.

இசைக்கருவிகளைப் பொறுத்தவரை, பெரும்பான்மை இமாம்களின் தடையையும், இப்னு ஹஸ்ம் போன்றோரின் மாற்றுக் கருத்தையும் நாம் அறிவோம். யூசுஃப் இஸ்லாம் ஐயத்துக்குரியதை விலக்கி, புகழின் உச்சியில் கிதாரைக் கீழே வைத்தார். 1983இல் லண்டனில் இஸ்லாமியா தொடக்கப் பள்ளியை நிறுவினார். 1998இல் அது அரசு நிதியுதவி பெற்றது. மீண்டும் ஆய்ந்து தெளிந்த பிறகே, 2006இல் கிதாரோடு புதிய தொகுப்பை வெளியிட்டார். தம் காரணங்களை 2014இல் நூலாகவும் எழுதினார். அவர் முடிவை ஏற்பவரும் ஏற்காதவரும் அந்தப் பேணுதலை மதிக்கலாம். கருவியிசையைத் தவிர்ப்போர் வரிகளை வாசித்தாலே போதும். இப்பாடல்களின் உயிர் சொற்களில்தான் இருக்கிறது.

அவர் முஸ்லிமான பின் எழுதியவற்றுள் ‘ஏ இஸ் ஃபார் அல்லாஹ்’ என் சிறுவர் வகுப்புக்கு உகந்தது. 1980இல் தமக்கு முதற்குழந்தை பிறந்தபோது எழுதியது. முதல் எழுத்திலேயே அல்லாஹ்வின் பெயரைக் கற்பிக்கும் அப்பாடல், தேடி அலைந்த ஒருவர் தம் பிள்ளைக்கு அளித்த விடை. அந்த விடையின் அருமை அவருக்குத் தெரியும். ஏனெனில் அதற்கு முந்தைய கேள்வியையும் அவர் பாடியிருக்கிறார்.

வல்ல இறைவன் நம் பிள்ளைகளின் ஈமானை அவர்களுடைய சொந்த ஈமானாக ஆக்குவானாக! அவர்களின் கேள்விகளைப் பொறுமையோடு செவிமடுக்கும் உள்ளத்தை நமக்கு அருள்வானாக! ஆமீன்.