பாலிசி எடுக்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை!

லாரிகளின் ஊரான நாமக்கல்லில், வண்டிக்கு இன்சூரன்ஸ் முடியும் தேதி எல்லோருக்கும் மனப்பாடம். வண்டியை ஓட்டுகிறவரின் உடம்புக்கு என்ன பாலிசி இருக்கிறது என்று கேட்டால்தான் பலரும் யோசிப்பார்கள்.

நாமக்கல்லை அடுத்த கிராமத்தில் சொந்தமாக ஒரு லாரி வைத்திருக்கும் அந்தத் தம்பதியும் அப்படித்தான் இருந்தார்கள். கணவருக்கு வயது 47. ஏழு வருடமாகச் சர்க்கரை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இவர்கள் வருமானம் அதைத் தாண்டிவிட்டது. கையில் இருந்தது, சர்க்கரை வருவதற்கு முன்பே எடுத்த 3 லட்ச ரூபாய் குடும்ப பாலிசி மட்டும்தான். உறவினர் ஒருவரின் பைபாஸ் ஆபரேஷன் பில்லைப் பார்த்ததும், 'இது பத்தாது' என்று மனைவிக்குத் தோன்றிவிட்டது.

ஏஜென்ட் 'சூப்பர் டாப்-அப்' பாலிசியைச் சொன்னார். ஒரு வருடத்தின் மொத்தச் செலவில் முதல் 3 லட்சத்தைப் பழைய பாலிசி பார்த்துக்கொள்ளும். அதற்கு மேல் புதியது. சாதாரண டாப்-அப் என்றால், ஒவ்வொரு பில்லும் தனித்தனியாக 3 லட்சத்தைத் தாண்ட வேண்டும். 2 லட்சம், 4 லட்சம் என இரண்டு பில் வந்தால் டாப்-அப் தருவது 1 லட்சம். சூப்பர் டாப்-அப் தருவது 3 லட்சம்.

எல்லாம் சரி. படிவத்தை நிரப்பும்போதுதான் ஏஜென்ட் மெதுவாகச் சொன்னார்: "சர்க்கரைன்னு எழுத வேண்டாங்க. பிரீமியம் ஏறிடும்."

மனைவிக்கு மனசு ஒப்பவில்லை. படிவத்தோடு, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் போனார்.

"ஏழு வருஷமா நான் எழுதின சீட்டு உங்க வீட்டுலயே இருக்கேம்மா. நாளைக்கு சேலத்துல அட்மிட் ஆனா, சர்க்கரை எத்தனை வருஷமான்னுதான் முதல்ல கேப்பாங்க. நீங்க சொல்றது கேஸ் ஷீட்ல ஏறிடும். கம்பெனி அதைத்தான் படிக்கும்" என்றார் டாக்டர்.

மறைத்தது தெரிந்தால் க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம், பாலிசியே ரத்தாகலாம். சொல்லிவிட்டால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் 3 வருடம் காத்திருந்தால் போதும். 4 வருடமாக இருந்ததை ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-ல் குறைத்திருக்கிறது.

"இதயத்துக்குப் பார்க்கணும்னா எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீங்க டாக்டர்?" என்று கேட்டார் மனைவி. சேலத்தில் இரண்டு பெயர்களைச் சொன்னார் டாக்டர். "ஆனா எந்தக் கம்பெனின்னு என்னைக் கேக்காதீங்கம்மா. அது என் வேலையில்ல" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து, ஏஜென்ட் காட்டிய மூன்று பாலிசிகளின் ஆஸ்பத்திரி பட்டியலையும் பார்த்தார் அவர். பிரீமியம் மிகக் குறைவாக இருந்த பாலிசியில் அந்த இரண்டு ஆஸ்பத்திரியுமே இல்லை. பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியிலும் கேஷ்லெஸ் கேட்கும் வசதி 2024 ஜனவரியில் வந்தது. ஆனால், அதற்கு 48 மணி நேரம் முன்பே கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். கம்பெனியும் சம்மதிக்க வேண்டும். அவசரம் என்றால் அட்மிட் ஆன 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். நெஞ்சுவலி நேரத்தில் அந்த அலைச்சல் வேண்டாம் என்று, பிரீமியம் கொஞ்சம் கூடுதலான பாலிசியையே முடிவு செய்தார்.

"டயர் மாத்தவே காசில்ல, இது வேறயா?" என்றார் கணவர்.

"ஏனுங்க, டயர் போனா வேற வாங்கிக்கலாமுங்க."

படிவத்தில் சர்க்கரை என்று எழுதினார்கள். பிரீமியம் ஏறத்தான் செய்தது. காத்திருக்கும் 3 வருடத்துக்காக, போஸ்ட் ஆபீஸில் மாதாமாதம் ஆர்.டி. கட்டத் தொடங்கியிருக்கிறார் மனைவி.

நீங்களும் கூடுதல் பாலிசி எடுப்பதாக இருந்தால், டாக்டரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: 'என் சீட்டில் என்னென்ன எழுதியிருக்கிறீர்கள்? என்னை எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீர்கள்?' ஏற்கெனவே எடுத்துவிட்டீர்களா? புது பாலிசி கைக்கு வந்த 30 நாள்களுக்குள் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். அதற்குள் டாக்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.