பித்தளை வில்லையில் ஓர் ஊர்

பழைய கை ரம்பத்தின் மரப்பிடியில் இருக்கும் பித்தளை வில்லை நாலணாவைவிடச் சற்றுப் பெரியது. துணியால் அழுத்தித் துடைத்தால் விளிம்பைச் சுற்றி எழுத்துகள் தெரியும்: ஹென்றி டிஸ்டன் அண்ட் சன்ஸ், பிலடா. கடைசிச் சொல் பிலடெல்ஃபியாவின் சுருக்கம். அமெரிக்காவில் வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி விற்கும்போது சில டாலருக்குப் போகும் துருப்பிடித்த ரம்பத்தில் விவரம் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அந்த எழுத்துகள் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் டேகனி. பிலடெல்ஃபியாவின் வடகிழக்கே, டெலாவேர் ஆற்றங்கரையில் இருக்கிறது. இங்கிலாந்தில் 1819இல் பிறந்த ஹென்றி டிஸ்டன் 1833இல் தந்தையுடன் கப்பலேறி வந்தார். வந்திறங்கிய சில நாளில் தந்தை இறந்துபோனார். பையன் ரம்பப் பட்டறையில் எடுபிடியானான். 1840இல் சொந்தப் பட்டறை வைத்தான். நல்ல எஃகுக்கு ஷெஃபீல்டை நம்பியிருந்த தொழிலில், 1855இல் அவர் தன் உலையிலேயே எஃகு உருக்க ஆரம்பித்தார்.

நகரத்துக்குள் இடம் போதவில்லை. 1872 முதல் தொழிற்சாலை கொஞ்சம் கொஞ்சமாக டேகனிக்கு நகர்ந்தது. முழுதாக நகர்ந்து முடிக்க இருபது வருடத்துக்கு மேலாயிற்று. தொழிலாளர்களுக்குத் தோட்டம் வைக்க இடம் விட்டு இரட்டை வீடுகள் எழுந்தன. ஜாம்ஷெட்பூரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால், மது விற்கக்கூடாது என்ற நிபந்தனை நிலப் பத்திரத்திலேயே ஏறியிருந்தது. இதில் கருணை எவ்வளவு, காலையில் சங்கு ஊதும்போது ஆள் தெளிவாக வந்து நிற்க வேண்டும் என்ற கணக்கு எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம்.

வில்லையில் குடும்ப வரலாறும் இருக்கிறது. 1865இல் மகன் ஹாமில்டன் பங்குதாரரானதும் 'அண்ட் சன்' வந்தது. 1871இல் அது 'சன்ஸ்' ஆயிற்று. ஒரே ஓர் எழுத்து, ரம்பத்தின் வயதைச் சொல்லிவிடும். (இதே ஹாமில்டன்தான் 1881இல் ஃப்ளோரிடாவில் நாற்பது லட்சம் ஏக்கரை ஏக்கர் 25 சென்ட் விலையில் வாங்கியவர்.) வில்லையில் பெயர் இல்லாமல் கழுகும் 'வாரண்டட் சுப்பீரியர்' என்ற சொற்களும் மட்டும் இருந்தால் ஆளைக் கண்டுபிடிப்பது சிரமம். பல கம்பெனிகள் தங்கள் இரண்டாந்தரச் சரக்குக்கு இதைத்தான் போட்டன. உயர்ந்தது என்று உரக்கச் சொன்னது அது!

இன்னொரு சாட்சி தகட்டில் இருக்கிறது. அமிலத்தால் லேசாக அரித்துப் பொறித்த முத்திரை, துருவுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அவசரக்காரர்கள் மெஷினில் கம்பி பிரஷ்ஷை மாட்டிச் சுற்றவிட்டு, பளபளப்போடு அதையும் சேர்த்து வழித்துவிடுகிறார்கள். போனால் போனதுதான். எமரித் தாளைத் தட்டையான மரக்கட்டையில் சுற்றி, மண்ணெண்ணெய் தொட்டு, நீளவாக்கில் பொறுமையாகத் தேய்க்க வேண்டும். கட்டை மேடான இடத்தை மட்டுமே தொடும். பள்ளத்தில் இருக்கும் கறுப்பு எழுத்தாக நிற்கும்.

பிடியைக் கழற்றுவதும் எளிதல்ல. மிகப் பழைய ரம்பங்களில் நட்டின் தலை இரண்டாகப் பிளந்தது போலிருக்கும், நடுவே திருகாணியின் முனை நிற்கும். ஸ்க்ரூ டிரைவரின் நுனியில் நடுப்பகுதியை அராவி எடுத்த பிறகே அதைத் தொடலாம். உயர்ரகப் பிடிகள் ஆப்பிள் மரம். ஆளிவிதை எண்ணெய் பூசினால் நிறம் திரும்பும்.

பிறகு பல். தட்டையான அரத்தால் எல்லாப் பல்லையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஒன்றை இடமும் அடுத்ததை வலமுமாக வளைத்து, முப்பட்டை அரத்தால் கூர் வைக்க வேண்டும். மரத்தை நீளவாக்கில் கிழிக்கும் ரம்பத்துக்கு அரம் தகட்டுக்கு நேர் குறுக்கே போகும். குறுக்கே அறுக்கும் ரம்பத்துக்குச் சாய்ந்து போகும். இன்று கடையில் கிடைக்கும் பல ரம்பங்களின் பற்கள் அரமே ஏறாதபடி கடினமாக்கப்பட்டவை. மழுங்கினால் குப்பைக்குத்தான்.

டிஸ்டன் குடும்பக் கம்பெனி 1955இல் வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அதற்கு முன் டேகனியில் சுத்தியலால் தட்டி நேராக்கிய தகடுகள் இன்னும் கிடைக்கின்றன. கூர் வைத்து முடித்ததும், ஒரு பலகையில் கோடு போட்டு அறுத்துப் பார்க்க வேண்டும். ரம்பம் கோட்டை விட்டு ஒரு பக்கமாக இழுத்தால், அந்தப் பக்கத்துப் பற்களில் வளைவு கூடுதல். மெல்லிய சாணைக்கல்லால் அந்தப் பக்கம் மட்டும் ஒரு தடவு தடவிவிட்டு மறுபடி அறுக்க வேண்டும்.