எழுத்தறியாதார்க்கும் வழிகாட்டும் சித்திரம்

ஓவியம் என்றதும் நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவில் எழுவன ரவிவர்மாவின் லட்சுமியும் சரஸ்வதியுமே. 1894 ஆம் ஆண்டில், அந்நாளில் பம்பாய் எனப்பட்ட இம்மாநகரில் அவர் நிறுவிய அச்சகத்தின் வாயிலாக அத்திருவுருவங்கள் நாடெங்கும் பரவி, ஏழையின் பூசை மாடத்திலும் இடம்பெற்றன. அவை நின்று, கண்குளிர நோக்குதற்கு உரியவை. ஆயினும், நிற்க நேரமின்றி விரைபவனுக்கென்றே வரையப்படும் சித்திரமும் உண்டு. பெயர்ப்பலகை, வழிகாட்டிப் படம், மின்கம்பத்தில் காணும் அபாயக் குறி முதலியன இவ்வகையைச் சார்ந்தவை. இக்கலையை ஆங்கிலத்தில் கிராபிக் டிசைன் என்பர். தமிழில் வரைகலை என வழங்குகிறோம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்த எனக்கு ஓவியப் பள்ளியின் பயிற்சி இல்லை. எனினும், பயணச்சீட்டுச் சாளரத்தின் பின்னிருந்து வழி கேட்போர்க்கு நாள்தோறும் விடை கூறி வருபவன் என்ற முறையில் சில சொற்கள் கூற விழைகிறேன்.

இக்கலையின் தலைசிறந்த படைப்புகளுள் ஒன்று ரயில்வேக்காரர் ஒருவரின் கையிலிருந்தே பிறந்தது. லண்டன் பாதாள ரயில்வேயின் சைகைப் பொறியியல் பிரிவில் படவரைவாளராகப் பணியாற்றிய ஹாரி பெக் என்பவர், 1931 இல் தம் ஓய்வு நேரத்தில் அந்த ரயில் தடங்களுக்குப் புதியதோர் படம் வரைந்தார். அதற்கு முன்னிருந்த படங்கள் நிலப்படத்தைப் பின்பற்றியவை. அவற்றில் நகரின் நடுவே நிலையங்கள் நெருங்கிக் குவிந்து, பெயர்களைப் படிப்பதே அரிதாயிருந்தது. பூமிக்கடியில் செல்பவனுக்கு மேலேயுள்ள தெருவின் வளைவு எதற்கு? எந்த நிலையத்தை அடுத்து எந்த நிலையம், எங்கே வண்டி மாறுவது என்னும் இரண்டே அவன் அறிய வேண்டுவன. எனவே பெக், தடங்கள் அனைத்தையும் கிடைக்கோடு, நிலைக்கோடு, நாற்பத்தைந்து பாகைச் சாய்கோடு ஆகியவற்றுக்குள் அடக்கினார். நெருக்கமான நடுநகரை விரித்தார். நீண்ட புறநகர்த் தடங்களைச் சுருக்கினார். தரைக்கு மேலுள்ளவற்றுள் தேம்ஸ் நதியை மட்டும் விட்டுவைத்தார். மேலதிகாரிகள் இது மிகவும் புதுமையானதென்று முதலில் ஏற்க மறுத்தனர். 1933 ஜனவரியில் அது அச்சாகி வந்தபோதோ, பொதுமக்கள் விரும்பி வாங்கிச் சென்றனர். இன்று உலகின் பல நகரங்களது ரயில் படங்கள் அந்த முறையையே தழுவி நிற்கின்றன.

பெக்கின் படம் எழுத்தறிந்தவர்க்கு உதவியது. எழுத்தறியாதவர்க்கு யாது வழி? நம் நாட்டில் 1951-52 இல் நடைபெற்ற முதற் பொதுத்தேர்தலின்போதே இவ்வினா எழுந்தது. வாக்காளருள் பெரும்பாலோர் படிப்பறியாதவர் ஆகையால், கட்சிகளுக்குச் சின்னங்கள் வழங்கப்பட்டன. மெக்சிகோ நகரில் 1969 இல் பாதாள ரயில் தொடங்கியபோது, லான்ஸ் வைமன் என்ற அமெரிக்கக் கலைஞர் இம்முறையை ரயில் நிலையங்களுக்குக் கொண்டுவந்தார். நிலையம் ஒவ்வொன்றுக்கும் பெயரோடு ஒரு சித்திரமும் அமைந்தது. சாபுல்தெபெக் என்ற பெயருக்கு அந்நாட்டுப் பழைய மொழியில் வெட்டுக்கிளிக் குன்று என்று பொருள். ஆகவே அந்நிலையத்தின் சின்னம் ஒரு வெட்டுக்கிளி. எழுத்துத் தெரியாத கிராமத்தாரும், “வெட்டுக்கிளியில் இறங்கவேண்டும்” என்று மனத்தில் இருத்திக்கொண்டால் வழி தவற வேண்டியதில்லை.

இச்செய்தியைப் படித்தபோது எனக்கு என் தாயாரின் நினைவு வந்தது. தந்தையாரின் மறைவுக்குப் பின் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, காட்கோபரில் எங்களோடு தங்கியிருப்பவர் அவர். தமிழெழுத்து ஒன்றே அறிவார். இங்குள்ள நிலையப் பலகைகளிலோ தமிழ் இல்லை. மாதுங்காவிலுள்ள கோயிலுக்குச் செல்வதற்கும் எனக்கு ஓய்வுநாள் வாய்க்கும்வரை அவர் காத்திருக்க நேர்ந்தது. “ஊர்ல சந்தைக்கு நான் ஒத்தையில போயிட்டு வந்தவ. இங்க கண்ணிருந்தும் குருடு மாதிரியில்லா இருக்கேன், ஐயா” என்று அவர் ஒருநாள் கூறியது என் நெஞ்சை உறுத்தியது.

அன்றிரவு ஓர் அட்டையில் நேர்க்கோடு ஒன்று வரைந்து, அதில் ஐந்து புள்ளிகள் இட்டேன். காட்கோபருக்கு வீடு, வித்யாவிஹாருக்கு, பெயரின் பொருளுக்கேற்பப் புத்தகம், வேறொரு தடமும் வந்து சேரும் குர்லாவுக்கு இரு கோடுகள், மாதுங்காவுக்கு, அங்கு விற்கும் பூச்சரம். சயானுக்கு மட்டும் என்ன வரைவதென்று அம்மாவையே கேட்டேன். “ஆஸ்பத்திரிக்குப் போறவங்க எறங்குற எடந்தானே? ஒரு கட்டிலைப் போடு” என்றார். அவ்வாறே போட்டேன். என் மனைவி இருமுறை ஸ்லோ வண்டியில் உடன் சென்று வந்தாள். வண்டி நிற்கும்போதெல்லாம் அம்மாவின் விரல் அடுத்த புள்ளிக்கு நகர்ந்ததாம். பெண்கள் பெட்டியின் மேல் தீட்டியிருந்த முக்காடிட்ட உருவத்தை அவருக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தாமே கண்டுகொண்டார். மூன்றாம் முறை தனியே சென்று, பிரசாதத்தோடு திரும்பினார். அன்று அவர் முகத்தில் கண்ட மிடுக்கை நான் அதற்குமுன் இந்நகரில் கண்டதில்லை.

நம் சங்கத்து அன்பர்களுக்கு இதுபற்றி ஒரு விண்ணப்பம். இங்கு பிறந்த நம் குழந்தைகளுள் பலர்க்குத் தமிழ் பேச வருகிறது, படிக்க வருவதில்லை. பாட்டிக்கு நிலையப் பலகை எப்படியோ, பேரனுக்கு நம் விழா அறிக்கையும் அப்படியே. அடுத்த விழா அறிக்கையில் நாளையும் நேரத்தையும் பெரிதாக அச்சிட்டு, ரயில் நிலையத்திலிருந்து மண்டபத்துக்கு வரும் வழியை ஒரு கோட்டுப் படமாகச் சேர்ப்போம். அப்படத்தை வரையும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே ஒப்படைக்கலாம். படத்தின் கீழ் இடப்பெயர்களைத் தமிழில் எழுதச் செய்தால், நாலு எழுத்தும் அவர்களுக்குக் கைவரும். அச்சகத்துக்கு அனுப்புமுன், வீட்டிலுள்ள மூதாட்டி ஒருவரிடம் அதைக் காட்டி, வழி சொல்லக் கேளுங்கள். அவர் எவ்விடத்தில் தயங்குகிறாரோ, அவ்விடத்தை மீண்டும் வரைதல் வேண்டும்.