லென்ஸ் புரதத்துக்கு இன்னொரு வேலை

கண்ணு சிவந்திருந்தா உடனே "மெட்ராஸ் ஐ"ன்னு ரெண்டு பெஞ்ச் தள்ளி உட்கார்ந்துடுறீங்கல்ல, மக்களே? எனக்கு வந்தது யுவியைட்டிஸ். ஒட்டாது, பயப்படாதீங்க. என் நோய் எதிர்ப்புச் செல்களே என் கண்ணுக்குள்ள புகுந்து பண்ற கலவரம் இது. கவனிக்காம விட்டா பார்வையே போகலாம். மணிக்கொரு தரம் ஸ்டீராய்டு சொட்டு விட்டுக்கிட்டுக் கிடந்தேன்.

இவ்வளவு அடி விழும்போது கண் சும்மாவா இருக்கும்னு தேடினப்போ கிடைச்சது ஆல்ஃபா கிரிஸ்டலின். லென்ஸில் ஏராளமாக இருக்கும் புரதம். லென்ஸின் உள்ளிருக்கும் செல்களில் உட்கரு கிடையாது. புதுசா புரதம் செய்ய வழியில்லை. இருக்கிறதை வச்சே ஆயுசு முழுக்க ஓட்டணும். மற்ற புரதங்கள் குலைந்து திரண்டு போகாமல் இது தாங்கிப் பிடிக்கிறது என்று 1992-இல் ஜோசப் ஹார்விட்ஸ் காட்டினார். அது முடியாமப் போற நாள்ல கண்புரை.

அதே புரதம் விழித்திரையிலும் வேலை பார்க்குது! யுவியைட்டிஸ் வரவழைத்த எலிகளில், எதிர்ப்புச் செல்கள் கூட்டமாக வருவதற்கு முன்பே ஒளி உணரும் செல்களின் மைட்டோகாண்ட்ரியா அடிவாங்குது. அப்போ ஆல்ஃபா-ஏ கிரிஸ்டலின் அங்கே பெருகி, அந்தச் செல்கள் சாகாமல் காக்கிறது. இதற்கான ஜீன் இல்லாத எலிகளில் சேதம் அதிகம்.

ஸ்டீராய்டை ரொம்ப நாள் விட்டா அதுவே கண்புரையைக் கொண்டுவரும், கண் அழுத்தத்தையும் ஏத்தும். அதனாலதான் இந்தப் புரதத்தையே எலிகளுக்கு மருந்தாகக் கொடுத்தும் பார்த்திருக்காங்க, வீக்கம் குறைஞ்சிருக்கு. மெடிக்கல் ஷாப்புக்கு இன்னும் வரலை. அதுவரைக்கும் எங்களுக்குச் சொட்டு மருந்தும் அழுத்தப் பரிசோதனையும்தான்.